சுவரைப் பார்த்துக் கூலி பேசுங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் நாகர்கோவிலில் பெயிண்டர் கிடைப்பது பெரும்பாடு. டிசம்பர் 3ஆம் தேதி முடியும் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, அடுத்து கிறிஸ்துமஸ், அதன் பின்னாலேயே பொங்கல், தை பிறந்ததும் முகூர்த்த நாள்கள் என்று வரிசை கட்டி நிற்கின்றன. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில்தான் சுவரின் அழுக்கு கண்ணில் படுகிறது. கூப்பிட்ட பெயிண்டர் அடுத்த வாரம் வருகிறேன் என்கிறார். வந்து பார்த்துவிட்டு அவர் சொல்லும் தொகை, வீட்டுக்காரர் மனதில் போட்டு வைத்திருந்ததைவிட எப்போதும் அதிகமாகவே இருக்கிறது. அப்போதுதான் அந்தப் பேச்சு எழுகிறது: ஒரு அறைதானே, ரெண்டு நாள் லீவு போட்டால் நாமே அடித்துவிடலாமே? கடையில் ரோலர் கிடைக்கிறது. செல்போனைத் திறந்தால் எப்படி அடிப்பது என்று படம் பிடித்துக் காட்டுகிறார்கள். பிறகு எதற்குக் கூலி? நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு பக்கம் கூலியையும் மறுபக்கம் மிச்சத்தையும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள், மூன்றாவதாக அங்கே நிற்கும் சுவரை மறந்துவிடுகிறார்கள். நாமே அடிப்பதா, ஆள் வைப்பதா என்பதைச் சுவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்பதே என் வாதம். இரண்டு பருவமழையும் பெய்யும் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

முதலில் கூலி. இந்தியாவின் பெரும்பகுதியில் இந்தக் கேள்விக்கே இடமில்லை, ஏனென்றால் அங்கே ஆள்கூலி மலிவு. ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலங்களின் புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2022-23இல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளி ஒருவரின் சராசரி நாள்கூலி இந்திய அளவில் 393 ரூபாய். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 500 ரூபாய். கேரளத்தில் 852 ரூபாய். இந்த மூன்று எண்களுக்கு நடுவில் நாகர்கோவில் எங்கே நிற்கிறது என்று இங்கே வேலைக்கு ஆள் தேடிய யாருக்கும் தெரியும். 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கூலிச் சந்தை மட்டும் இன்றுவரை திருவனந்தபுரத்தோடு ஒட்டியே கிடக்கிறது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் கூடுதல் கூலி கிடைக்கும் என்றால் கைத்தொழில் தெரிந்தவர் காலை பஸ்ஸில் ஏறிப் போகத்தான் செய்வார். இன்னும் சிலர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். ஊரில் இருப்பவர் அதற்கு ஈடாகக் கேட்பதில் தவறு எதுவும் இல்லை. மழை நாளில் அவருக்கு வேலை கிடையாது, வேலை இல்லாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. அந்த நாள்களின் சோறும் வேலை செய்யும் நாளின் கூலிக்குள்தான் இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆள்கூலி ஏறியதால்தான் வீட்டுக்காரரே பிரஷ் பிடிக்கும் வழக்கம் பரவியது. அதே காரணத்தால்தான் மதுரைக்கும் சேலத்துக்கும் முன்பாக இந்தக் கேள்வி நாகர்கோவிலுக்கு வந்திருக்கிறது.

இனி கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடியில், பத்தடி உயரத்தில் ஒரு படுக்கையறை. நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. மூன்றுக்கு ஏழடி கதவு ஒன்று, நாலுக்கு நாலு ஜன்னல் இரண்டு கழித்தால் 387. சீலிங் 120. ஆகமொத்தம் சுமார் 500 சதுர அடி. சுவர் காய்ந்து கெட்டியாக இருக்கிறது, பழைய பெயிண்ட் உரியவில்லை, நிறம் மட்டும் மங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரமான எமல்ஷன் ஒரு லிட்டரில் இரண்டு கை அடித்தால் நடைமுறையில் 120 சதுர அடி தேறும். நாலேகால் லிட்டர் வேண்டும். லிட்டர் 300 ரூபாய் என்று போட்டால் ஏறத்தாழ 1,250 ரூபாய். ஆணி ஓட்டைகளை அடைக்க ஐந்து கிலோ பட்டி, அதன்மேல் தொட ஒரு லிட்டர் பிரைமர், உப்புத்தாள், ஒட்டுநாடா எல்லாம் சேர்த்து 550 போடலாம். பொருள் 1,800 ரூபாய். பெயிண்டருக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய், இரண்டு நாள் வேலை என்றால் கூலி 2,000. ஆள் வைத்தால் 3,800. நாமே அடித்தால் பொருளுக்கு 1,800, அத்துடன் ரோலர், தட்டு, நீளக் கம்பு, நாலங்குல பிரஷ், ஓரத்துக்குச் சின்ன பிரஷ், பட்டி பிளேடு என்று 800. ஏணி பக்கத்து வீட்டில் இரவல். 2,600 ரூபாய். மிச்சம் 1,200. அடுத்த அறைக்குக் கருவிச் செலவு இல்லாததால் மிச்சம் 2,000 ஆகும். உங்கள் தெருவில் கூலியும் விலையும் கொஞ்சம் கூடலாம், குறையலாம். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், கணக்கின் போக்கு மாறாது.

இந்த மிச்சத்தை நேரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். கைப்பழக்கம் உள்ளவர் இரண்டு நாளில் முடிப்பதைப் புதியவர் ஒருவர் முடிக்கக் குறைந்தது மூன்றரை நாள், அதாவது 28 மணி நேரம் ஆகும். கட்டிலையும் பீரோவையும் நகர்த்துவது, தரையில் பழைய வேட்டி விரிப்பது, சுவிட்சுப் பெட்டியைச் சுற்றி நாடா ஒட்டுவது, கடைசியில் தரையில் சிந்திய சொட்டுகளைச் சுரண்டுவது எல்லாம் அதில் அடங்கும். முதல் அறையில் மணிக்கு 43 ரூபாய். இரண்டாவது அறையில் 71 ரூபாய். பெயிண்டரின் கூலியோ மணிக்கு 125. சம்பளம் பிடிக்கிற லீவு எடுத்து இதைச் செய்பவருக்கு நஷ்டமே. ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வருமானம் இல்லாதவருக்கும், பணி ஓய்வு பெற்று உடம்பில் தெம்புள்ளவருக்கும், விடுமுறைக்கு வந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இது லாபம்தான். அதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. மாதக் கடைசியில் இரண்டாயிரம் ரூபாய் பல வீடுகளில் ஒரு மாத மளிகையின் பாதி. ஆனால் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாமே அடித்தோம் என்று சொல்லும்போது அந்த நாமில் யார் யார் இருக்கிறார்கள்? ஆண் ரோலரை உருட்டிவிட்டு இறங்கிவிடுவார். அறையை ஒழித்துக் கொடுத்தவரும், துணிகளை மடித்து அடுக்கியவரும், இரவு பதினொரு மணிக்குத் தரையைத் துடைத்தவரும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. அவர்கள் நேரத்துக்கு யாரும் மணிக்கூலி போடுவதில்லை. அதைச் சேர்த்தால் 28 மணி நேரம் என்பது 35ஐத் தாண்டும்.

இதுவரை சொன்னது நல்ல சுவருக்கு. நம் ஊரில் பெயிண்ட் அடிக்க நினைக்கும் சுவர்களில் பல அப்படி இருப்பதில்லை. பொருக்கு உரிந்து, விரல் வைத்தால் மாவாக உதிர்ந்து, தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு உப்புப் பூத்த சுவர்தான் வீட்டுக்காரரைப் பெயிண்ட் கடைக்கு விரட்டுகிறது. அந்தச் சுவருக்குக் கணக்கே வேறு. பழைய பூச்சை முழுக்கச் சுரண்ட வேண்டும்; இரண்டு கை பட்டி பார்க்க வேண்டும், நாற்பது கிலோ மூட்டை ஒன்று ஆகும்; உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் ஒரு கை, அது காய்ந்தபின் எமல்ஷன் இரண்டு கை. பட்டி மூட்டை 1,000, பிரைமர் நான்கு லிட்டர் 600, எமல்ஷன் 1,250, உப்புத்தாளும் மற்றதும் 200. பொருள் மட்டும் 3,050 ரூபாய். பெயிண்டருக்கு ஐந்து நாள் கூலி 5,000. மொத்தம் 8,050. நாமே செய்தால் கருவியோடு 3,850. மிச்சம் 4,200 ரூபாய்! நல்ல சுவரில் கிடைத்த மிச்சத்தைப்போல மூன்றரை மடங்கு. இந்தத் தொகையைப் பார்த்துத்தான் பலர் துணிகிறார்கள். இங்கேதான் சறுக்கலும் இருக்கிறது. மிச்சம் அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் அதில் கைத்திறன் வேண்டிய வேலை அதிகம் என்பதே. அந்த ஐந்து நாளில் நிறம் பூசும் வேலை ஒன்றரை நாள்தான். மீதி எல்லாம் நிறத்துக்கு அடியில் மறைந்துபோகிற வேலை. நாம் கூலி கொடுப்பது அந்த மறைந்துபோகிற வேலைக்கு.

பட்டி பார்ப்பதை ஒரு முறை பக்கத்தில் நின்று கவனித்தால் இது விளங்கும். தயிரின் பதத்துக்குக் கட்டியில்லாமல் குழைத்த பட்டியைப் பிளேடின் நுனியில் எடுத்து, கீழிருந்து மேலாக ஒரே அழுத்தத்தில் ஓர் இழுப்பு. அதன் விளிம்பை அடுத்த இழுப்பு கால்வாசி மூட வேண்டும். அழுத்தம் கொஞ்சம் கூடினால் சுவர் தெரியும். குறைந்தால் திட்டாக நிற்கும். குழைத்த பட்டி வாளியிலேயே இறுகத் தொடங்குவதற்குள் அதைத் தீர்த்தாக வேண்டும், அதனால் எவ்வளவு குழைப்பது என்பதும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். காய்ந்தபின் பெயிண்டர் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பல்பைச் சுவரோரமாகப் பக்கவாட்டில் பிடித்துப் பார்ப்பார். நேர் வெளிச்சத்தில் கண்ணாடிபோல இருந்த சுவர் அந்த வெளிச்சத்தில் மேடும் பள்ளமுமாகத் தெரியும். அந்த நிழல்களைப் பார்த்துத்தான் உப்புத்தாள் எங்கே ஓட வேண்டும் என்று அவர் முடிவு செய்வார். வீடியோ பார்த்து வருவதில்லை இந்தக் கை. ரோலரை உருட்டுவதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். பட்டி பார்ப்பதை ஓர் அறைக்குள் கற்றுக்கொள்ள முடியாது. சரியாக ஒட்டாத பட்டி ஒரு மழைக்காலம் கழிந்ததும் பெயிண்டையும் சேர்த்துக்கொண்டு தகடாக விழும். அப்போது அதைச் சுரண்டும் கூலியும் புதிதாகச் சேரும்.

அதனால் செலவை ஆண்டால் வகுத்துப் பார்ப்பதே நேர்மையான கணக்கு. 8,050 ரூபாய் செலவழித்து முறையாகச் செய்த சுவர் ஆறு ஆண்டு நின்றால் ஆண்டுக்கு 1,340 ரூபாய் ஆகிறது. 3,850 ரூபாயில் முடித்தது இரண்டே ஆண்டில் உரிந்தால் ஆண்டுக்கு 1,925 ரூபாய். மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடியது. எதிர்ப்பக்கத்திலும் இதே விதி பொருந்தும்: நல்ல சுவரை நாமே அடித்தாலும் பெயிண்டர் அடித்தாலும் ஏறத்தாழ அதே ஆயுள்தான் வரும், ஏனென்றால் அங்கே ஆயுளைத் தருவது அடியில் ஏற்கெனவே இருக்கும் கெட்டியான பூச்சு. ஆகவே நல்ல சுவருக்கு ஆள் வைப்பது வசதிக்காகச் செய்யும் செலவு. கெட்ட சுவருக்கு ஆள் வைப்பது சேமிப்பு. ஊரில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பணம் இருக்கும்போது மங்கிய நல்ல சுவருக்கு ஆள் வைக்கிறார்கள். கையில் இல்லாதபோது உரிந்த சுவரைத் தாமே மூடப் பார்க்கிறார்கள்.

சுவர் ஏன் கெடுகிறது என்ற கேள்விக்கு, நாகர்கோவிலைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டில் பதில் தண்ணீர்தான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை, இடையில் சுவர் முழுதாகக் காய நாள் இல்லை. நாகர்கோவிலிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அதன் ஓட்டுக் கூரை சுவரைத் தாண்டி எவ்வளவு தூரம் இறங்கி வருகிறது என்று பாருங்கள். அந்த இறவாரம்தான் நூற்றாண்டுகளாக அதன் சுவர்களுக்குக் குடை. நாஞ்சில் நாட்டுப் பழைய ஓட்டு வீடுகளும் அப்படியே கட்டப்பட்டன. இப்போது கட்டும் கான்கிரீட் வீட்டில் இறவாரம் இல்லை. தட்டட்டியின், அதாவது மொட்டை மாடியின், கைப்பிடிச் சுவரிலிருந்து நேராகச் சுவரில் வழிகிறது மழை. சன்ஷேடின் விரிசல், குளியலறைக் குழாயின் கசிவு, அடித்தளத்திலிருந்து மேலேறும் ஓதம் என்று தண்ணீர் வரும் வழிகள் பல. எமல்ஷன் என்பது காய்ந்ததும் பிளாஸ்டிக்போல ஒரு மெல்லிய தோலாகிவிடும் பெயிண்ட். உள்ளேயிருந்து வரும் ஈரம் அந்தத் தோலுக்குப் பின்னால் அடைபட்டு, கொப்பளமாகி, கடைசியில் உடைகிறது. பெயிண்டின் தரம் மட்டம் என்று கடைக்காரரையும், வேலை மட்டம் என்று பெயிண்டரையும் திட்டுகிறோம். பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் குற்றவாளி மேலே தட்டட்டியில் தேங்கி நிற்கும் தண்ணீர் என்பது என் கணிப்பு.

அதைக் கண்டுபிடிக்க ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஓரடிச் சதுரமாக ஒரு பாலிதீன் தாளை வெட்டிச் சந்தேகப்படும் இடத்தில் வைத்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் நாடாவால் ஒட்டிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அது அறைக்குள் இருக்கும் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தால் தீரும். உட்பக்கம் வியர்த்த சுவருக்கு நாமும் பெயிண்ட் அடிக்கக் கூடாது, பெயிண்டரையும் கூப்பிடக் கூடாது. முதலில் கொத்தனாரையோ பிளம்பரையோ கூப்பிட வேண்டும். பெயிண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு கசிவை அடைக்கப் போக வேண்டும்.

சுண்ணாம்பை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு தலைமுறைக்கு முன்பு நாமே அடிப்பதா ஆள் வைப்பதா என்ற கேள்வி பெரும்பாலான வீடுகளில் கிடையாது. கடற்கரைச் சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைப் பானையில் கரைத்து, துணியில் வடிகட்டி, பளிச்சென்று தெரியக் கொஞ்சம் நீலம் சேர்த்து, பனை மட்டையையோ தாழை விழுதையோ நுனியைத் தட்டி நாராக்கிய மட்டையால் வீட்டாரே பண்டிகைக்குப் பண்டிகை வெள்ளையடித்தார்கள். அது வறுமையின் அடையாளம் என்று பிறகு ஆகிவிட்டது. வேதியியல்படி பார்த்தால் அது அருமையான பூச்சு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகிறது; ஆனாலும் ஈரத்தை அடைத்து வைக்காமல் வெளியே விடுகிறது. வடிவீஸ்வரம், கோட்டாறு பக்கத்துப் பழைய தெருக்களில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் சுவரில் விலையுயர்ந்த எமல்ஷனை அடித்துவிட்டு வருடம்தோறும் உரிகிறதே என்று வருந்துகிறவர்களுக்கு, பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்புவது நல்ல வழி. அதற்குச் செலவும் குறைவு, கைத்திறனும் அதிகம் வேண்டாம். கண்ணில் தெறித்தால் மட்டும் ஆபத்து, கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இன்னும் ஒரு படி போனார்; செங்கல் சுவருக்குப் பூச்சும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம் என்று கட்டிக் காட்டினார். அங்கே அவர் வடிவமைத்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் அதே கேரள மழையில்தான் நிற்கிறது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் எல்லாச் சுவருக்கும் பெயிண்ட் வேண்டுமா என்று ஒரு முறை யோசித்தால், ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு தடவை வரும் இந்தச் செலவில் ஒரு பகுதி என்றைக்குமே இல்லாமல் போகும்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முக்கியமானது, நல்ல சுவரை நாமே அடிக்கத் தொடங்கினால் பெயிண்டர் பிழைப்பு என்ன ஆவது என்பது. அக்கறையான கேள்வி, ஆனால் அவர்களுடைய உண்மையான துயரம் வேறு இடத்தில் இருக்கிறது. ஐப்பசி முதல் தை வரை மூச்சுவிட நேரமில்லாமல் வேலையும், மற்ற மாதங்களில் அழைப்புக்குக் காத்திருப்பதும்தான் இந்தத் தொழிலின் அமைப்பு. எல்லோரும் மழை மாதத்தில் கூப்பிடுவதால் ஈரம் காயாத சுவரில் அவசர அவசரமாக அடிக்க வேண்டியிருக்கிறது, கெட்டபெயரும் அவர்களுக்கே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1989இலேயே பெயிண்டர் தொழிலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பணிகளின் முதல் வகையில் சேர்த்தது. தூசும் ஆவியும் சுவாசிக்கிற தொழில் இது. முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள், ஜன்னல்களைத் திறந்து வைத்து வேலை செய்யச் சொல்லுங்கள். 1994 முதல் இயங்கும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயிண்டர்களும் உறுப்பினராகலாம்; வருகிறவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் அதற்கு உதவுவது அவருக்கு ஒரு நாள் கூலியைவிடப் பெரிய கைமாறு. சுவருக்கு வேண்டிய வேலைக்கு முழுக்கூலியும், அவர் கைக்கு உரிய மரியாதையும் கொடுத்தால் போதும். மங்கிய ஓர் அறையை நாமே அடித்துக்கொள்வதால் அவர் பிழைப்பு கெட்டுவிடாது.

இன்னொரு எதிர்வாதம், ஆள் வைத்தால் ஏமாற்றிவிடுவார்கள் என்பது. சதுர அடிக் கணக்கில் பொருளும் கூலியும் சேர்த்து மொத்தமாகப் பேசும்போதுதான் சண்டை வருகிறது. தரைப்பரப்பை மூன்றரையால் பெருக்கி, சுவரும் சீலிங்கும் சேர்ந்த பரப்பு என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. மேலே சொன்ன சிறிய அறைக்கு அது 420 என்று குறைவாக வரும். பதினைந்துக்கு இருபதடிக் கூடத்துக்கோ 1,050 என்று வரும், ஜன்னல் கதவைக் கழித்து நாடா வைத்து அளந்தால் 920ஐத் தாண்டாது. ஆகவே அளந்தே பேச வேண்டும். பெயிண்ட் வாளிக்குள் பெயிண்டருக்கென்று டோக்கன் வைப்பது கம்பெனிகளின் பழைய விற்பனை உத்தி. அவர் ஒரு பிராண்டை மட்டும் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பொருளை நீங்களே வாங்கிக் கொடுங்கள், வாளியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், தண்ணீர் எவ்வளவு சேர்க்கலாம் என்று வாளியிலேயே எழுதியிருக்கும், கூலியை நாள் கணக்கில் பேசுங்கள். இதைச் செய்தால் ஏமாற்ற இடமே இல்லை. பெயிண்ட் கம்பெனிகளே நடத்தும் முழுப் பணியும் இப்போது கிடைக்கிறது. வெளியூரில் இருப்பவர்களுக்கும் தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் அது வசதி, ஆனால் அந்தக் கட்டணத்தில் கூலிப் பங்குக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும்.

பணத்தைத் தாண்டி, நாமே செய்யவே கூடாத வேலைகளும் உண்டு. மாடி வீட்டின் வெளிச்சுவர் அதில் முதலாவது. கைத்திறன் இருந்தாலும் சாரம் கட்டத் தெரியாதவர் ஏறக் கூடாத இடம் அது. இரண்டாவது, பழைய கதவு, ஜன்னல் கம்பிகளின் எனாமல் பூச்சை உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பது. வீட்டுப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல்தான் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் என்ன இருக்கிறது என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. அந்தத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். யார் செய்தாலும் தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்க்க வேண்டும், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, நம் ஊருக்கு அதுவே மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். வேலையைப் பிரித்துக்கொள்வது. கெட்ட சுவரில் அறையை ஒழிப்பது, தரை மூடுவது, பொருக்கை நனைத்துச் சுரண்டுவது, சுவரைக் கழுவுவது ஆகியவற்றை வீட்டாரே செய்தால் பெயிண்டருக்கு ஒன்றரை நாள் கூலி மிச்சம். பட்டியும் பிரைமரும் சீலிங்கும் அவர் கையில். அதன்மேல் வரும் கடைசி இரண்டு கை நிறத்தை, ஆசை இருந்தால், வீட்டாரே உருட்டிக்கொள்ளலாம். எல்லாம் சேர்ந்து 2,500 ரூபாய் வரை மிச்சமாகும். சுவரின் ஆயுளும் குறையாது. பெயிண்டர்களில் பலர் இப்படிப் பிரித்துச் செய்யத் தயங்குவார்கள், வேலை முழுதும் தம் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பார்கள். முன்கூட்டியே, வேலை இல்லாத மாதத்தில் பேசினால் ஒத்துக்கொள்வார்கள்.

மாதம் என்பதுதான் கடைசியாகச் சொல்ல வேண்டியது. கார்த்திகை மழையில் நனைந்த சுவரில் கிறிஸ்துமஸுக்கு அடித்த பெயிண்டை அடுத்த ஆனியில் பார்க்கிறோம், திட்டுத் திட்டாக. விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் சுவரைத் துடைத்து, ஜன்னல் திரையை மாற்றுங்கள். பெயிண்ட் வாளியைத் திறக்காதீர்கள். மாசியிலும் பங்குனியிலும் மழை ஓய்ந்து, சுவர் காய்ந்து, பெயிண்டரும் வேலை தேடிக்கொண்டிருப்பார். அப்போது பாலிதீன் தாளை ஒட்டிப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.